பில் சொன்னது 483 மிச்சம், பர்ஸ் சொன்னது 410 நஷ்டம்

கேள்வி:

ஐயா, நாங்கள் வேலூர் தொரப்பாடியில் இருக்கிறோம். கணவர் ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மாமியார், ஏழாவதும் மூன்றாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், ஆக ஐந்து பேர். போன வருஷம் வரை பால், காய்கறி நீங்கலாக மளிகைக்கு மாதம் 9,200 ரூபாய்க்குள் முடித்துவிடுவேன். அமெரிக்காவில் பெண்கள் கூப்பன் வெட்டிச் சேர்த்து, வண்டி நிறைய சாமானைக் கிட்டத்தட்ட சும்மாவே வாங்கிக்கொண்டு போகிற வீடியோக்களைப் பார்த்து நானும் இறங்கினேன். இரண்டு ஆப், ஒரு சூப்பர் மார்க்கெட் கார்டு. எட்டு மாதமாக பில்லில் 'நீங்கள் சேமித்தது' என்று வந்ததைக் கூட்டினால் 7,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஆனால் மளிகைச் செலவு மாதம் 11,300 ஆகிவிட்டது. "எல்லாம் தள்ளுபடின்ற, அப்ப துட்டு இன்னாத்துக்குப் பத்தல?" என்று மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கு அரிசி அட்டை இருக்கிறது, ஆனால் வரிசையில் நிற்க நேரமில்லாமல் சர்க்கரை மட்டும்தான் வாங்குகிறோம். பக்கத்துத் தெருவில் மாதம் 500 கட்டினால் தீபாவளிக்கு மளிகையும் பலகாரமும் வெள்ளிக் காசும் தருகிற சீட்டு நடத்துகிறார்கள். சேரலாமா? மூன்று மாத பில்களை இணைத்திருக்கிறேன். கையில் இன்னும் மூன்று கூப்பன் இருக்கிறது. அதில் ஒன்று வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.
— ஒரு வாசகி, தொரப்பாடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் கேட்டதுதான் இந்தக் கடிதத்திலேயே சரியான கேள்வி. அதற்குப் பதில் நீங்கள் அனுப்பிய பில்களிலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் இங்கே பரப்ப வேண்டாம், ஒன்று போதும்.

போன மாதம் 9-ம் தேதி பில்லை எடுங்கள். 'ரூ. 2,500-க்கு மேல் வாங்கினால் ரூ. 200 தள்ளுபடி' என்ற கூப்பனைப் போட்டிருக்கிறீர்கள். பில்லில் சாமான்கள் ஏறியிருக்கிற வரிசையைக் கவனியுங்கள். பருப்பு, எண்ணெய், ரவை, டீத்தூள், சோப்பு என்று பதினேழு சாமான் வரை கூட்டினால் 1,940 ரூபாய். அதற்குக் கீழே மூன்றே மூன்று: சாக்லேட் ஸ்ப்ரெட் 345, ரூம் ஃப்ரெஷ்னர் 165, நூடுல்ஸ் 100. இந்த மூன்றும் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போனவை இல்லை என்று நான் பந்தயம் கட்டுவேன். கவுண்டரில் நின்றபடி "இன்னும் எவ்வளவு வேணும்?" என்று கேட்டுவிட்டு, பின்னால் நிற்பவர் முகம் சுளிப்பதற்குள் ஓடிப்போய் எடுத்து வந்தவை. மொத்தம் 2,550 ஆயிற்று. கூப்பன் கழித்து 2,350 கட்டினீர்கள். அந்தக் கூப்பன் உங்கள் கையில் இல்லாமல் இருந்திருந்தால் 1,940-ஐக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பீர்கள். பில்லின் அடியில் 'இன்று நீங்கள் சேமித்தது ரூ. 483' என்று அச்சாகியிருக்கிறது. பர்ஸிலிருந்து அன்று கூடுதலாகப் போனது 410.

நான் இருபத்திரண்டு வருஷமாக மளிகைக் கடைகளுக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் கணக்கும் வரியும் பார்க்கிறவன். அந்தப் பழக்கத்தில் உங்கள் மூன்று மாத பில்களையும் விரித்து வைத்து, இப்படி வரம்பைத் தொடுவதற்காக எடுத்த சாமான்களைப் பென்சிலால் சுழித்துக்கொண்டே போனேன். எந்த மாதமும் 1,300 ரூபாய்க்குக் குறையவில்லை. 9,200-க்கும் 11,300-க்கும் நடுவே இருக்கிற 2,100-ல் பெரும்பங்கு இதுதான். மிச்சத்தில் விலையேற்றம் கொஞ்சம், ஆப்காரர்கள் வாங்கும் டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம், மழைக் கட்டணம் கொஞ்சம். ஒரு பில்லில் 30 ரூபாய் கூப்பன் போட்டு 41 ரூபாய் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும்.

'சேமித்தது' என்று பில்லில் வருகிற எண் எம்.ஆர்.பி.க்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்சவரம்பு. அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. லாங்கு பஜாரில் இருக்கிற பழைய மளிகைக் கடைக்காரர் பல சாமான்களை எப்போதும் அதற்குக் கீழேதான் போடுவார். அவர் துண்டுச் சீட்டில் 'சேமித்தது' என்று எழுதித் தருவதில்லை, அவ்வளவுதான். கடைக் கணக்கில் ஏறுவது விற்ற விலை மட்டும். உங்கள் வீட்டுக் கணக்கிலும் அதை மட்டும் ஏற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 2,500 என்ற வரம்பு தானாக வந்ததில்லை. கார்டு நம்பரைச் சொல்லி வாங்குகிற ஒவ்வொரு முறையும் உங்கள் பில் அவர்கள் கம்ப்யூட்டரில் சேருகிறது. நான் கணக்குப் பார்த்த கடைகளில், வாடிக்கையாளர் வழக்கமாக எவ்வளவுக்கு வாங்குகிறாரோ அதற்குக் கொஞ்சம் மேலேதான் கூப்பன் வரம்பை வைப்பார்கள். 2,000-க்கு வாங்குகிறவருக்கு 2,500. அவர் 2,500-க்குப் பழகிவிட்டால் அடுத்த கூப்பன் 3,000-க்கு வரும். இது மோசடி இல்லை, வியாபாரம். கடைக்காரர் தம் வேலையைச் செய்கிறார். நாம் நம்முடையதைச் செய்ய வேண்டும். கூப்பன் கைக்கு வருமுன் எழுதிய லிஸ்டில் அந்தச் சாமான் இருந்தால்தான் அது உங்களுக்குத் தள்ளுபடி. லிஸ்டில் இல்லாவிட்டால் அது விளம்பர நோட்டீஸ்.

அந்த அமெரிக்க வீடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே கூப்பனைப் பெரும்பாலும் அச்சடிப்பது சாமானைத் தயாரிக்கிற கம்பெனி. கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு விலையைக் குறைப்பார். பிறகு கூப்பன்களைக் கட்டுக்கட்டாகக் கம்பெனிக்கு அனுப்பி அந்தப் பணத்தையும், கையாண்டதற்கு ஒவ்வொன்றுக்கும் சில சென்ட்டையும் வாங்கிக்கொள்வார். கம்பெனிக் கூப்பனோடு கடைக் கூப்பனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம். சில கடைகள் கூப்பன் மதிப்பை இரட்டிப்பாகவும் கொடுத்திருக்கின்றன. அதனால்தான் அந்தப் பெண்மணிகளுக்கு வண்டி நிறைகிறது. அதிலும் என்ன நிறைகிறது என்று உற்றுப் பாருங்கள்: ஷாம்பு, சாஸ், பிஸ்கட், டிஷ்யூ. அரிசி பருப்புக்கு ஈடான சாமானுக்கு அங்கேயும் கூப்பன் குறைவு. இங்கே கம்பெனி தன் சலுகையைப் பாக்கெட்டிலேயே ஒட்டிவிடுகிறது: 20 சதவீதம் கூடுதல், ஒன்று வாங்கினால் ஒன்று. மற்றபடி கூப்பன் என்றால் கடையோ ஆப்போ கொடுப்பதுதான். அந்த ஊர் வித்தை இந்த ஊரில் செல்லுபடியாகாது.

செல்லுபடியாகிற வித்தை ஒன்று இருக்கிறது. அதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம், மூக்குக்கண்ணாடி வேண்டும். பாக்கெட் சாமான்களில் எம்.ஆர்.பி.யோடு ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்பதையும் அச்சடிக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொதி என்றால் கிலோ விலை. இப்போதே அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தயாரித்த தேதியும் எம்.ஆர்.பி.யும் புள்ளி புள்ளியாக அடித்திருக்கிற இடத்துக்கு அருகில், எறும்பு ஊர்ந்தது போல '0.57 / g' என்ற மாதிரி ஒன்று இருக்கும். கடையில் நம்மை ஏமாறாமல் காப்பது அந்த எறும்புதான். முன்பு டீத்தூள், பிஸ்கட், எண்ணெய், சோப்புக்கெல்லாம் இன்ன எடையில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று அளவு இருந்தது. இப்போது 90 கிராம், 135 கிராம், 870 மில்லி என்று எந்த அளவிலும் வருகிறது. விலையை மட்டும் பார்த்து ஒப்பிட்ட காலம் போய்விட்டது.

உங்கள் பில்லிலிருந்தே இரண்டு உதாரணம். 250 கிராம் டீத்தூள் 140 ரூபாய், அதாவது 100 கிராம் 56. அடுத்த மாதம் 'ஆஃபர்' என்று அரைக் கிலோ வாங்கியிருக்கிறீர்கள், 285 ரூபாய். 100 கிராம் 57. பெரிய பாக்கெட் மலிவாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை ஐந்து ரூபாய். இரண்டாவது, சூரியகாந்தி எண்ணெய். ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் எடை இருக்கும். நீங்கள் வழக்கமாக வாங்கியது அதுதான், 158 ரூபாய். பிறகு 10 ரூபாய் கூப்பன் கழித்து 150-க்கு வேறொரு கவர். அது 850 கிராம். கணக்குப் போட்டால் முதல் எண்ணெய் 100 கிராம் 17 ரூபாய் 36 காசு, கூப்பன் எண்ணெய் 17 ரூபாய் 65 காசு. இரண்டு கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஷாம்புவில் கதை தலைகீழ். பல கம்பெனிகளின் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சரத்தைக் கணக்குப் போட்டால் பாட்டிலைவிட மலிவாக வரும். குப்பை கூடுகிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்டது பணத்தைப் பற்றி.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டில் மாதா மாதம் தீர்கிற சாமான்கள் இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எந்தக் கடை, என்ன அளவு, கிலோ அல்லது 100 கிராம் என்ன விலை, தேதி. இரண்டு மாதம் எழுதினால் போதும். அதற்குப் பிறகு யாராவது 'மெகா ஆஃபர்' என்று நீட்டினால் நோட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம், ஆஃபரா இல்லையா என்று. எங்கள் வீட்டில் இதை எழுதுவது நான் இல்லை, என் மனைவி. உளுந்து எந்தக் கடையில் எப்போது என்ன விலைக்கு வந்தது என்பது அவர் நோட்டில் நாலு வருஷத்துக்கு இருக்கிறது. என் ஆபீஸ் லெட்ஜர்கூட அவ்வளவு சுத்தம் இல்லை.

இப்போது நீங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு கவனிக்காமல் விட்ட கூப்பனுக்கு வருகிறேன். உங்கள் ரேஷன் அட்டை. அரிசி அட்டை வைத்திருந்தும் சர்க்கரை மட்டும் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், மாதம் அட்டைக்கு ஒவ்வொன்று. உங்கள் பில்லில் துவரம்பருப்பு 138, எண்ணெய் 158. பருப்பில் 108, எண்ணெயில் 133, ஆக 241 ரூபாய். வருஷத்துக்கு 2,892. எந்தக் கடை எந்த வரம்பும் இல்லாமல் மாதா மாதம் 241 ரூபாய் கூப்பன் தருகிறது? பாமாயில் தினசரிக் குழம்புக்குப் பிடிக்காவிட்டால் போண்டா, அப்பளம் பொரிக்க வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு வெளி எண்ணெய் குறையும். வரிசைக்கு நேரமில்லை என்பது நியாயம்தான். ஆனால் மாதத்தின் முதல் வாரத்திலும் சரக்கு இறங்கிய மறுநாளும்தான் கூட்டம். இரண்டாவது வாரத்தில் ஒரு வேலைநாள் பதினொரு மணிக்கு உங்கள் மாமியார் போனால் கைரேகை வைத்துவிட்டு அரை மணியில் திரும்பிவிடலாம். சரக்கு இருந்தும் இல்லை என்று சொன்னால் 1967-க்குப் போன் செய்து சொல்லலாம்.

2011 ஜூன் மாதத்திலிருந்து அரிசி அட்டைக்கு விலையில்லாமல் வருகிற அரிசியையும் விடாதீர்கள். "அந்த அரிசி சோற்றுக்கு ஆகாது" என்று நீங்கள் சொல்லக்கூடும். சோற்றுக்கு யார் கேட்டார்கள்? உங்கள் ஆப் பில்களில் எனக்குப் பெரிய உறுத்தலாகப் பட்டது இட்லி மாவு. கிலோ 45 ரூபாய் பாக்கெட், மாதம் பதினாறு. 720 ரூபாய். ரேஷன் புழுங்கலரிசி ஒரு கிலோவுக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஆட்டினால் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். உளுந்துச் செலவு 35 ரூபாய்க்குள். பதினாறு கிலோ மாவுக்கு ஏழு முறைகூட ஆட்ட வேண்டாம். உளுந்து, கரண்ட் எல்லாம் சேர்த்து 300 ரூபாயைத் தாண்டாது. கிரைண்டர் வீட்டில் இல்லாமல் இருக்காது. வேலூரில் கிரைண்டர் வராத கல்யாணம் எது?

சோற்றரிசியை ஐந்து ஐந்து கிலோ பையாக, ஒவ்வொன்று 370 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். கிலோ 74. மண்டித் தெருவில் போன வாரம் விசாரித்தேன். அதே ரக ஆரணிப் பொன்னி 26 கிலோ சிப்பம் 1,690, கிலோ 65. ஒரு சிப்பத்தில் 234 ரூபாய் மிச்சம். அது என்ன 26 கிலோ என்று கேட்பீர்கள். 2022 ஜூலை 18-லிருந்து பேர் அச்சடித்துப் பொதிந்த அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. 25-க்கு மேல் போனால் இல்லை. அதனால் மில்காரர்கள் ஒரு கிலோவைக் கூடப் போட்டு 26 ஆக்கிவிட்டார்கள். வரி வந்த மறு மாதமே மண்டியில் சிப்பத்தின் எடை மாறிப்போனது. எங்கள் ஆபீஸில் அன்றைக்கு இதைப் பற்றி நாள் முழுக்கப் பேசிச் சிரித்தோம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: சிப்ப விலையை 25-ஆல் வகுக்கிறாரா, 26-ஆல் வகுக்கிறாரா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சாக்கில் அச்சாகியிருக்கிற எடையைப் படித்துவிட்டே விலை பேசுங்கள்.

மொத்தமாக வாங்குவதற்கும் எல்லை உண்டு. வேலூர் வெயிலில் சித்திரை வைகாசியில் ரவையும் மைதாவும் மூன்று வாரம் தாங்காது, வண்டு வைத்துவிடும். ஏப்ரல் பில்லில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று நாலு கிலோ ரவை இருக்கிறது. அதில் எவ்வளவு சல்லடைக்குப் போயிற்று, எவ்வளவு குப்பைக்குப் போயிற்று என்று உங்களுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட சலுகையைச் சோப்பு, துணித்தூள், பாத்திரம் துலக்கும் பார், பல்பொடி, நாப்கின் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவை கெடாது, தேவையும் மாறாது. மூன்று மாதத்துக்கு வாங்கி வைக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். 2025 செப்டம்பர் 22-லிருந்து குளியல் சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. பழைய எம்.ஆர்.பி. அச்சடித்த சரக்கின் மேல் '10 சதவீதம் தள்ளுபடி' என்று எழுதியிருந்தால், அது வரி இறங்கிய அளவுக்கே காணாது. நோட்டில் இருக்கிற பழைய விலையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், புது எம்.ஆர்.பி. போட்ட பாக்கெட்டோடு ஒப்பிடுங்கள்.

புளியைப் பற்றிச் சொல்லாமல் ஒரு வட ஆற்காட்டுக்காரன் மளிகைப் பேச்சை முடிக்க முடியாது. மாசி பங்குனியில் ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கத்திலிருந்தும் ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்தும் புதுப்புளி இறங்கும்போது வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிவிடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். கொட்டை எடுத்த புளியா, கொட்டைப்புளியா என்பதில்தான் கணக்கு. கொட்டைப்புளியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையும் நாருமாகப் போய்விடும். கிலோ 90 ரூபாய்க்கு வாங்கினால் கைக்கு வருகிற சதை அறுநூறு கிராம் என்று வையுங்கள், கிலோ 150 ஆகிறது. கொட்டை எடுத்தது 180 என்றால், ஐந்து கிலோ சதைக்கு 150 ரூபாய் மிச்சம். அதற்கு எட்டுக் கிலோவுக்கு மேல் புளியை வாங்கி, வெயிலில் காயவைத்து, அருவாமனை முன்னால் இரண்டு மத்தியானம் உட்கார வேண்டும். என் அம்மா உட்கார்ந்தார். கை முழுக்கப் பிசுபிசுப்பும், பக்கத்தில் நாங்கள் பல்லாங்குழிக்குப் பொறுக்கி வைத்த கொட்டைக் குவியலும் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆனால் 150 ரூபாய்க்காக நீங்கள் அதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மாமியாருக்கு அது பொழுதுபோக்காக இருந்தால் சரி. உங்கள் இடுப்பு வலிக்கு அந்தக் காசு கட்டாது.

செக்கெண்ணெயும் அப்படித்தான். மல்லாட்டைப் பருப்பு, அதாவது வேர்க்கடலைப் பருப்பு, வாங்கிக் கொடுத்து ஆட்டினால் கிலோவுக்கு நானூறு நானூற்றைம்பது மில்லி இறங்கும். பருப்பு விலை, ஆட்டுக்கூலி இரண்டையும் கூட்டினால் கடை ரீஃபைண்டைவிடக் கண்டிப்பாகக் கூடுதல். வாசனைக்கும் நம்பிக்கைக்கும் வாங்குங்கள், சிக்கனம் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

காய்கறியை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஆப்பில் 'இலவச டெலிவரி'க்கு வரம்பு போதாதபோதெல்லாம் தக்காளியையும் கேரட்டையும் போட்டு நிரப்பியிருப்பதைப் பார்க்கிறேன். தொரப்பாடியில் இருந்துகொண்டு டோல்கேட் உழவர் சந்தைக்குப் போகாமல் இருப்பது என்ன கணக்கு? காலையிலேயே அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கும் அதே விலை. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே. 1999-ல் அந்தத் திட்டம் வந்ததே விவசாயியும் நீங்களும் நேரே பார்த்துக்கொள்ளத்தான். சாதாரண டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. வாரம் இரண்டு நாள் காலை ஏழு மணிக்குள் போனால் போதும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நிறைய வரும் பருவத்தில் அதை வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கத்தரிக்காயையும் இலவம்பாடி என்று கூவி விற்கிறார்கள். காம்பிலும் தொப்பியிலும் விரலைக் குத்துகிற முள் இருந்தால்தான் இலவம்பாடி. தடவிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

தீபாவளிச் சீட்டு. இதில் எனக்குக் கோபம் உண்டு, அதனால் நிதானமாக எழுத முயல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருவிலேயே ஒருவர் மாதம் 500 வாங்கினார். பன்னிரண்டு மாதத்துக்கு 6,000. பதிலுக்கு 8,500 ரூபாய் மதிப்புள்ள மளிகை, பலகாரம், இரண்டு கிராம் வெள்ளிக் காசு என்று வண்ண அட்டை அடித்துக் கொடுத்தார். வரி ஆலோசகன் வீட்டிலேயே, எனக்குத் தெரியாமல், என் மனைவி இரண்டு அட்டை போட்டிருந்தார். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அந்த வீட்டுக் கதவில் பூட்டு. மளிகை விலை நோட்டை நாலு வருஷமாகக் காசு விடாமல் எழுதுகிறவர் அந்த 12,000-ஐ எந்த நோட்டிலும் எழுதவில்லை. நானும் இன்று வரை அதைப் பற்றிக் கேட்டதில்லை, இதைப் படிப்பார் என்று தெரிந்தும் எழுதுகிறேன். வட ஆற்காட்டில் தீபாவளிச் சீட்டுக்கும் பலகாரச் சீட்டுக்கும் பணம் கட்டிவிட்டுப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நின்ற குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நடத்துகிறவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே வேண்டாம். அவர் போட்ட கணக்கை மட்டும் பாருங்கள். மாதம் 500 வீதம் பன்னிரண்டு மாதம் வங்கியில் தொடர் வைப்பாகக் கட்டினால், 6 சதவீத வட்டி என்று வைத்தால், சுமார் 195 ரூபாய் சேரும். அவர் 6,000 வாங்கி 8,500-க்குச் சாமான் தருகிறேன் என்கிறார். அந்த 2,500 எங்கிருந்து வரும்? ஒன்று, சாமானை எம்.ஆர்.பி.யில் கணக்குப் போட்டு, மட்டமான சரக்கைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் புதிதாகச் சேருகிறவர்கள் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு. 1982-ம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவுத் துறையில் பதிந்து நடத்துகிற சீட்டு என்றால் பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். வண்ண அட்டையும் வாய்ப்பேச்சும் மட்டும் இருந்தால் சேராதீர்கள். அந்த 500-ஐ உங்கள் பேரில் வங்கியில் போடுங்கள். அக்டோபரில் எடுத்துக்கொண்டு போய்க் கற்பகம் கூட்டுறவு அங்காடியிலும் மண்டித் தெருவிலும் விலை கேட்டு, எங்கே நோட்டு விலையைவிடக் குறைகிறதோ அங்கே ரொக்கமாக வாங்குங்கள். ரொக்கத்தோடு போகிறவருக்கு மண்டியில் ஒரு மரியாதை உண்டு.

கடைசியாக, கையில் இருக்கிற மூன்று கூப்பன். ஆப் கூப்பன் இரண்டும் 'முதல் ஆர்டர்' கூப்பன்கள். உங்கள் கணவர் போனில் புதிதாக ஆப் ஏற்றினால்தான் செல்லும். ஏற்றினால் அவரும் ராத்திரி பத்து மணிக்கு சிப்ஸ் வரவழைக்கக் கற்றுக்கொள்வார். அழித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிற சூப்பர் மார்க்கெட் கூப்பன், 2,500-க்கு 200, அதை வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ராத்திரி மாமியாரோடு உட்கார்ந்து லிஸ்ட் எழுதுங்கள். சோப்பு, துணித்தூள், பேஸ்ட், நாப்கின் மூன்று மாதத்துக்கு. அதோடு இந்த மாதத்துக்கு வேண்டிய டீத்தூள், மிளகு, சீரகம். பழைய பில்லைப் பார்த்து விலை போட்டால் 2,500 தாண்டுகிறதா என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். தாண்டினால் போங்கள், 200 ரூபாய் உங்களுடையது. 2,300-ல் நின்றால் கூப்பன் இல்லாமலேயே போய் 2,300-ஐக் கட்டிவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டில் யாருக்காவது சீமந்தமோ கிரகப்பிரவேசமோ இருந்து பெரிய பில் போடுவதாக இருந்தால், கூப்பனை அவர்களிடம் கொடுத்துவிடலாம். நூடுல்ஸ் வேண்டும் என்று சின்னவன் அடம்பிடித்தால் அதையும் சனிக்கிழமை ராத்திரியே லிஸ்டில் எழுதிவிடுங்கள், ஒரு பாக்கெட்.